ரொட்டவேட்டர் போல்ட்டு 84ம் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, எதை வைத்துச் சூடு காட்டுவது?

ஒடுகத்தூரான்:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா வாங்கி ஓட்டிய 6 அடி ரொட்டவேட்டர் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறுகிற சாமான்) ஒன்று வீட்டில் இருக்கிறது. அவர் காலமான பிறகு இரண்டு மழைக்காலம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கேட்பாரில்லாமல் கிடந்தது. சேறு அப்பிய கத்தியைக் கழுவாமலே நிறுத்திவிட்டோம், அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு போல்ட்டையெல்லாம் தின்றுவிட்டது. ஆடிப் பட்டத்துக்கு வேர்க்கடலை போடவேண்டும், அதற்குள் கத்தி மாற்றி ஓட்டத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன்.

கணக்கு இதுதான். சுழலுகிற ராடில் 7 பிளேட், பிளேட்டுக்கு 6 கத்தி, கத்திக்கு 2 போல்ட்டு, ஆக 84. எல்லாம் 14 எம்எம், 22 ஸ்பேனர், தலையில் 8.8 என்று பலத்தைச் சொல்லும் எண் குத்தியிருக்கிறது. இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்தேன். ரிங் ஸ்பேனரில் 3 அடி பைப்பைச் செருகித் தொங்கிப் பார்த்ததில் 9 கழன்றது, 5 உடைந்தது, 4 தலை மழுங்கிவிட்டது. மீதி 66 அசையவே இல்லை. இடது கோடி பிளேட்டில் இருக்கும் 6 கத்தி மட்டும் பெரியப்பா கடைசியாக மாற்றியது, தேயவில்லை, அதைக் காப்பாற்ற ஆசை. மற்ற கத்தி எல்லாம் காயலான் கடைக்குத்தான்.

ஊர் மெக்கானிக் கேஸ் பாட்டில் கொண்டுவந்து தீ காட்டினால் கழன்றுவிடும் என்கிறார். வேலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் சுடுகாற்று ஊதுகிற ஹாட் ஏர் கன் எடுத்துப் போட்டு இதுவே போதும் என்றார்கள். வீடியோவில் பார்த்தால் இன்டக்ஷன் ஹீட்டர் என்று ஒன்று, வளையத்தை நட்டில் மாட்டி அரை நிமிஷத்தில் செக்கச்செவேல் என்று ஆக்குகிறான். இந்த மூன்றில் எதை வாங்குவது? கூடவே ராடின் கோடி பேரிங் உட்கார்ந்திருக்கும் இடது பக்க ஹப்பில் எண்ணெய் கசிகிறது, அந்தப் பக்கத்து 6 போல்ட்டும் இதே கதிதான், அதையும் கையோடு பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.


லேத்துப் பட்டறை, ராணிப்பேட்டை:

எதையும் வாங்காதீர்கள். கத்தியை மாட்டியிருப்பது நட்டு போல்ட்டுதானே, இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் நட்டு, நடுவில் வெறும் ஓட்டை. அதைக் கழற்றியே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? 4 இன்ச் கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு நட்டை ஒரு பக்கம் பிளந்துவிட்டு உளியில் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும். கேஸ் கட்டர் இருந்தால் இன்னும் சுலபம், நட்டையே ஊதித் தள்ளிவிடலாம். எப்படியும் புது போல்ட்டு போடப்போகிறீர்கள். தூக்கிப் போடப்போகிற சாமானுக்கு ஏன் இவ்வளவு வைத்தியம்?

அப்புறம் அந்த உடைந்த 5 போல்ட்டுக்கு வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் வேலையில் உருப்படியாக முடிந்தது அந்த 5தான். பைப்பைப் போட்டு மீதியையும் உடைத்துவிடுங்கள் என்பேன், ஆனால் பைப் வழுக்கிப் பல் போனால் என்னைத் திட்டுவீர்கள்.


பழைய ஃபிட்டர்:

பட்டறைக்காரர் சொல்வது 84க்கும் சரி. ஆனால் தம்பி கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாரே, ஹப்பு போல்ட்டு 6, உண்மையான வேலை அதுதான். அது நட்டுப் போட்டது இல்லை. ராடின் கோடியில் இருக்கும் தட்டில் மரை போட்டு அதிலேயே முறுக்கி ஏற்றியிருப்பான். தலையை வெட்டினால் மீதி உள்ளேயே நின்றுபோகும். பட்டறையில் வருகிற துருப்பிடித்த போல்ட்டை இரண்டு சாதியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்: வெட்டித் தள்ளக்கூடியது, வெட்டவே கூடாதது. சூடு காட்டுவது இரண்டாவது சாதிக்குத்தான்.

ஏன் சூட்டில் கழல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே காட்டுவது என்பது தானாக விளங்கும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஊதுகிறது. மரைக்கு நடுவே இருக்கிற சந்தில் அது ஊதினால் எங்கே போகும்? ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிக்கொள்கிறது. இரும்பு சூட்டில் விரிவது ரொம்பக் கொஞ்சம். ஒரு மீட்டர் இரும்புக்கு 1 டிகிரி ஏறினால் 0.012 மில்லிமீட்டர். உங்கள் 14 எம்எம் ஓட்டையைச் சுற்றி 300 டிகிரி ஏற்றினால் ஓட்டை 0.05 மில்லிமீட்டர் பெரிதாகும், ஏறக்குறைய ஒரு தலைமுடி பருமன். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் துருவின் பிடியை உடைக்க அந்த முடியளவு போதும். அதனால்தான் போல்ட்டுத் தலையில் தீயைப் பிடிக்காதே, போல்ட்டைச் சுற்றியிருக்கிற இரும்பில் பிடி என்பது. தலையைச் சுட்டால் போல்ட்டுதான் பருத்து இன்னும் இறுகும். அப்படிச் சுட்டுவிட்டாலும் பதறவேண்டாம், முழுசாக ஆறவிட்டால் சுருங்கும்போது துரு விரிசல் விடும், அதுவும் பாதி வேலைதான்.

எவ்வளவு சூடு? இங்கேதான் நம்ம ஆட்கள் கெடுக்கிறார்கள். செக்கச்செவேல் என்று ஆனால்தான் வேலை நடக்கும் என்று நினைப்பு. சிவப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போதே 550, 600 டிகிரி வந்துவிட்டது. 8.8 போல்ட்டு என்பது கடினப்படுத்தி அப்புறம் 425 டிகிரிக்குக் குறையாமல் பதம் செய்தது. அதற்கு மேல் போனால் அதன் பலம் எவ்வளவு மிச்சம் என்று யாரும் சொல்லமுடியாது, பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். தெர்மாமீட்டர் துப்பாக்கி எல்லாம் வேண்டாம். போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தை அரம் போட்டுப் பளபளப்பாக்கி வைத்துக்கொள். சூடு ஏற ஏற முதலில் அங்கே வைக்கோல் மஞ்சள் வரும், அது 220, 230. அப்புறம் கத்தரிப்பூ நிறம், அப்புறம் நீலம், நீலம் வந்தால் 300. அங்கே தீயை எடுத்துவிடு. இன்னும் எளிது வேண்டுமானால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்: தோசைக்கல்லில் நடப்பதுபோல் முத்தாக உருண்டு ஓடினால் 200 வந்துவிட்டது.

தீயை எடுத்ததும் மெழுகுவத்தியைப் போல்ட்டுத் தலையின் அடியில் ஒத்து. உருகி மரைக்குள் தானே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் அந்தச் சூட்டில் புகைந்து போய்விடும், மெழுகு உள்ளே இறங்கும். பிறகு தலையில் சுத்தியால் நேராக நாலு அடி, வெறி பிடித்தமாதிரி இல்லை, டங் டங் என்று. ஸ்பேனர் போட்டதும் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைக்கப் பார். அசைந்துவிட்டால் ஜெயித்தாய். அப்புறம் கால் சுற்றுக் கழற்று, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி கால் சுற்று வெளியே. ஒரே மூச்சில் கழற்ற நினைத்தால் துருத்தூள் மரையில் அடைத்துக்கொண்டு பாதி வழியில் நிற்கும். 12 முனை ரிங்கு வேண்டாம், 6 முனை சாக்கெட் எடு. தலை மழுங்கின 4ம் ரிங்கு செய்த வேலையாகத்தான் இருக்கும்.

ராணிப்பேட்டையில் 28 வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். ஒரு போல்ட்டுக்கு ஒரு தடவை சூடு காட்டி வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விட்டு ஆறினபின் திரும்ப வருவேன். மூன்றாவது தடவையில் வராதது குறைவு.


காட்பாடி டூவீலர்:

ஹாட் ஏர் கன்னை எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள், எனக்குச் சோறு போடுவதே அதுதான், அதனால் சொல்கிறேன். கடையில் 550, 600 டிகிரி என்று எழுதியிருப்பது வெளியே வருகிற காற்றின் சூடு. ரொட்டவேட்டர் பிளேட் மாதிரி கனமான இரும்பில் காட்டினால் நீங்கள் ஏற்றுகிற சூட்டை அது அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும், இரும்பு அந்தச் சூட்டுக்கு வரவே வராது. 2000 வாட்ஸ் மெஷினை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றாலும் கை வலிதான் மிச்சம். இதில் கடைக்காரர் சொன்னது தப்பு.

ஆனால் அலுமினியம் வந்துவிட்டால் இதற்கு இணை இல்லை. பைக்கில் புகைக்குழாயை இன்ஜினோடு பிடிக்கிற பெண்ட் பைப் ஸ்டட் (தலையில்லாத போல்ட்டு) இருக்கிறதே, இரும்பு ஸ்டட், அலுமினிய இன்ஜின் ஹெட். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஒரு மீட்டருக்கு 0.023. அதனால் 150 டிகிரியிலேயே பிடி தளர்ந்துவிடுகிறது. அங்கே போய் கேஸ் டார்ச் பிடித்தால் ஆபத்து, ஏனென்றால் அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை கொடுக்காது, 660 வருவதற்கு முன்பே அப்படியே உட்கார்ந்துவிடும். 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தில் நின்ற வண்டிகள் என்னிடம் வரிசையாக வந்தபோது ஹாட் ஏர் கன்னும் மெழுகுவத்தியும்தான் கை கொடுத்தது. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன், அதில் மட்டும் சோம்பல் படமாட்டேன்.

இன்னொன்று, சிவப்பு லாக்டைட் என்கிற மரைப் பசை போட்ட போல்ட்டு. துருவே இருக்காது, ஆனால் கழலாது. 250 டிகிரி வரை சூடாக்கி, சூடு இருக்கும்போதே திருப்பவேண்டும். ஆறவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். துருவுக்கு ஆறவிடு, லாக்டைட்டுக்கு ஆறவிடாதே. இது தெரியாமல் நான் முதல் வருஷம் இரண்டு ஸ்டட்டை உடைத்திருக்கிறேன்.


ஆம்பூர் டிரம்:

இன்டக்ஷன் பற்றி யாரும் சொல்லவில்லை, நாங்கள் வைத்திருக்கிறோம். டேனரி டிரம், அதாவது தோல் பதனிடுகிற பீப்பாய், மரத்தில் செய்தது, இரும்புப் பட்டை, இரும்புப் போல்ட்டு. பச்சைத் தோலோடு வருகிற உப்பு இருக்கிறதே, அது போல்ட்டை ஒரு வருஷத்தில் என்ன பாடு படுத்தும் என்று பார்த்தால் உங்கள் ரொட்டவேட்டரைக் கும்பிடுவீர்கள். அங்கே தீ காட்டமுடியாது, சுற்றிலும் காய்ந்த மரம். தீயே இல்லாமல் நட்டு மட்டும் சுடுகிற சாமான் வந்தபிறகு பாதிக் கவலை போயிற்று. 14 எம்எம் நட்டு 20, 30 செகண்டில் சிவக்கும், நாங்கள் அவ்வளவு போகவிடாமல் 10 செகண்டில் எடுத்துவிடுவோம். சூடு வெளியிலிருந்து வருவதில்லை, காயில் என்கிற கம்பி வளையத்துக்குள் நட்டிலேயே கரண்ட் சுற்றி அதுவே காய்கிறது, அதனால் பக்கத்தில் ரப்பர் சீல் இருந்தாலும் தப்பிக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். காயில் மேல் இருக்கிற உறை சிவந்த நட்டில் பட்டுப் பட்டுக் கருகும், காயிலே செலவுச் சாமான்தான். வளையம் நுழைய இடம் வேண்டும், உங்கள் ஹப்பு போல்ட்டு மாதிரி தட்டில் புதைந்திருப்பதற்கு மாட்டமுடியாது, தட்டையான காயில் வைத்தால் நேரம் பிடிக்கும். கையில் மோதிரம் போட்டுக்கொண்டு காயில் பக்கம் போனால் மோதிரமும் காயும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் அதைத் தொடவே கூடாது, பக்கத்திலும் நிற்கவேண்டாம். ஒரு ரொட்டவேட்டருக்காக வாங்குவது என்றால் வேண்டாம், அது வீண்.

அப்புறம் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு. கெமிக்கல் பம்பில் 304 ரக எஸ்எஸ் போல்ட்டு எஸ்எஸ் நட்டோடு கடித்துக்கொண்டால் அது துரு இல்லை, மரையும் மரையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. அதற்கு எந்தச் சூடும் உதவாது. நேராக கட்டிங் வீல்.


ஒடுகத்தூரான்:

அப்பாடா, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. 84ஐ வெட்டிவிடுகிறேன். ஹப்புக்கு மட்டும் ஃபிட்டர் அண்ணா சொன்னபடி சூடு காட்டுகிறேன். இரண்டு சந்தேகம். டீசல் ஊற்றி வைத்திருக்கிறேனே, அதன்மேல் தீ காட்டலாமா? வீட்டு சிலிண்டரில் ஹோஸ் போட்டு டார்ச் மாட்டிக்கொள்ளலாமா? இடம் மாட்டுக்கொட்டகை ஓரம்தான், வெளியே இழுக்க டிராக்டர் வரவேண்டும்.


பழைய ஃபிட்டர்:

தம்பி, மாட்டுக்கொட்டகை ஓரத்தில் வைக்கோல் போர் எவ்வளவு தூரம் என்று நீ எழுதவில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன். டிராக்டர் வரட்டும், வெட்டவெளிக்கு இழு. தரையில் கடலைக்கொடி, சருகு இல்லாமல் பெருக்கிவிட்டுத் தண்ணீர் தெளி. இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். கத்திரி வெயில் நாளில் மத்தியானம் செய்யாதே, பகல் வெளிச்சத்தில் கேஸ் தீயின் நாக்கு எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாது. சாயங்காலம் நிறமும் நன்றாகத் தெரியும்.

டீசலைப் பஞ்சு வேஸ்ட் வைத்துத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு ஆரம்பி. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதில் குளோரின் கலந்த வகை ஒன்று இருக்கிறது, அது தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்கிற விஷவாயு வரும், முதல் உலகப்போரில் சிப்பாய்களைக் கொன்றது அதுதான். காய்ந்த நட்டில் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பதும் அப்படித்தான், குப்பென்று முகத்துக்கு வரும்.

வீட்டு சிலிண்டர் வேண்டாம். 14.2 கிலோ சிலிண்டரை அடுப்புக்குத் தவிர வேறு எதற்கும் எடுப்பது சட்டப்படியே தப்பு. அதைவிட, அடுப்புக்கு வைத்த ரெகுலேட்டரும் ஹோஸும் இந்த டார்ச்சுக்கு ஏற்றது இல்லை. ஊரில் ஏ.சி., ஃபிரிட்ஜ் பார்க்கிறவர் இருப்பார், செம்புக்குழாய் பற்றவைக்கச் சின்ன டார்ச் வைத்திருப்பார். உன் ஹப்புக்கு அதுவே தாராளம். கேஸ் வெல்டிங்காரர் வந்தால் அசிட்டிலின் பாட்டிலைப் படுக்கவைத்து ஓட்டவிடாதே, உள்ளே இருக்கிற அசிட்டோன் கேஸோடு வெளியே வரும். ஆக்சிஜன் ரெகுலேட்டரை கிரீஸ் கையோடு தொடவிடாதே, எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் தீக்குச்சியே வேண்டாம்.

ஹப்பில் எண்ணெய் இருந்தால் முதலில் வடித்துவிட்டு பிளக்கைத் திறந்தே வை. மூடின பாத்திரத்தைச் சூடாக்குகிறோம் என்பதை மறக்கக்கூடாது. சீல் எப்படியும் மாற்றப்போகிறாய், அது வெந்தாலும் பரவாயில்லை.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், இதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளம் எழுதுகிறேன். நாளைக்கு டிரெய்லர் வீல் நட்டும் இப்படி இறுகும், கையில் டார்ச் இருக்கும், ஆசை வரும். டயர் மாட்டிய ரிம்மில் தீ காட்டாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாரி ஷெட்டில் பார்த்தேன். காற்றை இறக்காமல் நட்டைச் சுட்டார்கள், நட்டு வரவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார்கள். தீயை அணைத்து எவ்வளவோ நேரம் கழித்து டயர் வெடித்தது. ரிம்மின் சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து எரியக்கூடிய வாயு சேர்ந்துவிடுகிறது, பிறகு அது பாட்டுக்கு வேலை காட்டும். ஷெட்டுக் கூரைத் தகடு ஒன்று தெருவில் கிடந்தது. டீக்கடை தூரமாக இருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். காற்றை இறக்கினால் போதும் என்றும் நினைக்காதே, டயரை ரிம்மிலிருந்தே கழற்றவேண்டும். ஷாக் அப்சார்பர், கேஸ் ஸ்ட்ரட் இவற்றுக்கும் இதேதான், மூடிய எதற்கும் தீ கிடையாது.


லேத்துப் பட்டறை, ராணிப்பேட்டை:

ஹப்பில் ஒன்று உடையும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். 6க்கு 1 கணக்கு, என் கை ராசி. உடைந்தால் உடனே டிரில் எடுக்காதீர்கள். துண்டு வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் ராடை விட்டு நிரப்பி ஒட்டுங்கள். அந்த வெல்டிங் சூடே துண்டைக் காய்ச்சிவிடும், அது ஆறிச் சுருங்கும்போது பிடி விடும். சிவப்பு போனபின் ஸ்பேனர் போட்டால் பாதிக்கு மேல் வந்துவிடும். நட்டு பிய்த்துக்கொண்டு வந்தால் இன்னொரு நட்டு, சலிக்காமல் நாலு தடவை வைத்திருக்கிறேன்.

வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை அந்தத் தட்டிலேயே, போல்ட்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். எங்கோ தூரத்தில் ஃபிரேமில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய்ப் பேரிங்கை அம்மைத்தழும்பு ஆக்கிவிடும். டிராக்டரிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

ஜிஐ (துத்தநாகம்) பூச்சு உள்ள எதையும் மூடின இடத்தில் சுடாதீர்கள், துத்தநாகப் புகை. போர்வெல் கிளாம்ப் சுட்டுவிட்டு ராத்திரி மலேரியா வந்தமாதிரி நடுங்கிய பையன் எங்கள் பட்டறையில் உண்டு. பால் குடித்தால் போய்விடும் என்பார்கள், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பால் நல்லதுதான், குடிக்கட்டும்.


ஒடுகத்தூரான்:

12 நாள் கழித்து எழுதுகிறேன், முடிந்தது!

பழைய கத்தி போல்ட்டு 58ஐ கேஸ் கட்டர்காரர் ஒரே காலையில் ஊதித் தள்ளிவிட்டார். புதுக்கத்தி இருந்த கோடி பிளேட்டில் ஒன்றுகூட முன்பு அசையவில்லை, அந்த 12ஐ மட்டும் தீயே இல்லாமல் கிரைண்டரில் நட்டைப் பிளந்து எடுத்தேன். கத்தி கடினப்படுத்தின இரும்பு, சிவக்கச் சுட்டால் மெத்தென்று ஆகிவிடும் என்று அவரும் சொன்னார். ஒரு கத்தியில் வீல் லேசாகக் கீறிவிட்டது, மற்றபடி 6ம் பிழைத்தது. 84 போல்ட்டுக்குப் பயந்துகொண்டு ஒரு மாசம் தூக்கம் கெட்டது, வேலை என்னவோ ஒன்றரை நாள்தான்.

ஹப்புதான் வேலை வாங்கிற்று. ஏ.சி. மெக்கானிக் டார்ச்சோடு வந்தார், மாலை 5 மணிக்கு ஆரம்பித்தோம். அரம் போட்ட இடத்தில் மஞ்சள் வந்து கத்தரிப்பூ வந்து நீலம் வந்ததை என் பையன்தான் முதலில் பார்த்துக் கத்தினான். மெழுகு ஒத்தினேன், புகைந்தது, இறங்கிற்றா என்றே தெரியவில்லை. முதல் சுற்றில் 2 வந்தது. ஆறவிட்டு மறுபடி காட்டியதில் இன்னும் 2. மூன்றாவது சுற்றில் இருட்டிவிட்டது, விட்டுவிட்டு வந்து தூங்கிவிட்டோம். காலையில் சூடே காட்டாமல் சும்மா ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், ஐந்தாவது 'டக்' என்று சத்தம் போட்டு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் சந்தோஷம் தெரியும்.

ஆறாவது உடைந்தது. பட்டறை அண்ணா, உங்கள் கை ராசி ராணிப்பேட்டையிலிருந்து ஒடுகத்தூர் வரை வேலை செய்கிறது. நட்டு ஒட்டி எடுத்தோம், இரண்டாவது நட்டில் வந்தது. மரை நன்றாகத்தான் இருக்கிறது, மரை வெட்டுகிற டேப் ஒன்றை விட்டுச் சுத்தம் செய்தேன்.

ஒரே கஷ்டம், ராடு கோடியில் புதுப் பேரிங் ஏற மாட்டேன் என்கிறது, சுத்தியால் அடிக்கப் பயமாக இருக்கிறது.


காட்பாடி டூவீலர்:

அடிக்காதீர்கள், இதற்குத்தான் என் மெஷின். பேரிங்கின் உள்வளையத்தில் ஹாட் ஏர் கன்னைச் சுற்றிச் சுற்றிக் காட்டி 100, 110 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். 120ஐத் தாண்டவிடாதீர்கள். தண்ணீர் தெளித்தால் சடசடவென்று கொதித்து ஓடவேண்டும், முத்தாக உருளக்கூடாது, உருண்டால் அதிகம். கையுறை போட்டு எடுத்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள், நடுவில் யோசித்துக்கொண்டு நின்றால் அங்கேயே பிடித்துவிடும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்த பேரிங்காக இருந்தால் இந்தச் சூடு வேண்டாம், 80 போதும். ராடைத் துணியில் ஐஸ் சுற்றிக் குளிரவைத்தால் இன்னும் நல்லது. ஹாட் ஏர் கன் வாங்கத் தேவையில்லை, வேலூர் பக்கம் வருகிறீர்கள் என்றால் பேரிங்கையும் ராடையும் எடுத்து வாருங்கள், டீ வாங்கிக்கொடுத்தால் போதும்.


பழைய ஃபிட்டர்:

சபாஷ். ராத்திரி ஆறினதுதான் ஐந்தாவதைக் கழற்றியது, நீ இல்லை.

புது போல்ட்டு மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவு. இரண்டு மணிநேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி 84ஐயும் மறுபடி ஒரு இறுக்கு இறுக்கு, புதுக் கத்தி உட்கார்ந்து போல்ட்டு தளரும். நைலான் வைத்த நட்டு ஏதாவது சூட்டில் மாட்டியிருந்தால் தூக்கிப் போடு, உள்ளே நைலான் உருகியிருக்கும். ஹப்பில் சூடு பட்ட 5 போல்ட்டையும் திரும்பப் போடாதே.


லேத்துப் பட்டறை, ராணிப்பேட்டை:

முதலில் கழன்ற 9 நல்ல போல்ட்டை என்ன செய்தீர்கள்?


ஒடுகத்தூரான்:

அண்ணா, ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எப்போதாவது உதவும் என்று.


லேத்துப் பட்டறை, ராணிப்பேட்டை:

தெரியும். என்னிடம் அப்படி மூன்று டப்பா இருக்கிறது, 1996லிருந்து.